சங்கிலியைக் கழற்றச் சொன்ன செபம்

என் வீட்டுக்காரரைச் சங்கிலியால் கட்டிப் போட நானே சம்மதித்தேன். நம் அன்பியத்துச் செபக்கூட்டத்துக்கு வந்திருக்கிற சகோதர சகோதரிகள் முன்னால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் பெயர் மிக்கேல். கடலில் மூழ்கிச் சங்கு குளித்துக்கொண்டிருந்தவர். போன வருடம் கோடையில் அவரோடு கடலுக்குள் இறங்கிய கூட்டாளி ஜெரோன் மேலே வரவில்லை. மிக்கேல்தான் மறுபடி இறங்கி உடலைத் தூக்கி வந்தார். அடக்கத்தின்போது அழவில்லை. எல்லாரும் தைரியசாலி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மழைக்காலம் வருவதற்குள் அவர் மாறிப்போனார். குளிப்பதில்லை. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். என்ன என்று கேட்டால், "ஏளா, ஜெரோன் கூப்பிடுதான். உனக்குக் கேக்கலையா?" என்பார். ஒருநாள் காலை பத்து மணிக்கு, கடற்கரைச் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, போட்டிருந்த துணியோடு கடலுக்குள் நடந்து போனார். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கழுத்தளவு தண்ணீரில் பிடித்து இழுத்து வந்தார்கள்.

ஜெரோனின் ஆவி பிடித்திருக்கிறது என்றார்கள். தேரிக்காட்டுப் பக்கம் ஒரு செபவீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். போனேன். அங்கே அவர் வலது காலில் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டினார்கள். மாத்திரை மருந்து என்று போனால் விசுவாசக் குறைவு, செபம் பலிக்காது என்றார்கள். தலையாட்டினேன். நானும் உபவாசம் இருந்தேன். முழங்காலில் தோல் உரியும்வரை செபித்தேன்.

பதினோராம் நாள் மத்தியானம் அவர் கணுக்காலைப் பார்த்தேன். சங்கிலி உரசிய இடம் புண்ணாகி, ஈ மொய்த்தது. அவர் அதை விரட்டக்கூட இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் என்னளா தப்பு செஞ்சேன்?"

ஈயை விரட்டிவிட்டு எழுந்தேன். பஸ் ஏறி ஊருக்கு வந்து நேரே கோவிலுக்குள் போனேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிடவில்லை. நின்றுகொண்டே சத்தம் போட்டேன். "உம் மகனைச் சிலுவையில அறைஞ்சப்போ நீர் நின்னு பாத்தீர். உமக்கு வேற வழி இல்ல. நான் நின்னு பாக்க மாட்டேன். எனக்கு வழி காட்டும். காட்டாம இங்கேருந்து நகர மாட்டேன்!"

அதுவரை நான் அப்படிச் செபித்ததே இல்லை.

பின் பெஞ்சில் மீன் விற்கும் மரியபுஷ்பம் அக்கா இருந்தாள். எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். "எந்தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வெளிய சொல்ல வெக்கப்பட்டு நாங்க யாருட்டயும் சொல்லல. பெரியாஸ்பத்திரில மனநல வார்டு இருக்கு. அவன் அங்கதான் தேறினான். கெளம்பி வா, நான் கூட வாரேன்."

நான் கத்தியிருக்காவிட்டால் அவளுக்குக் கேட்டிருக்காது. என் செபத்துக்கு மாதா எவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னாள் பாருங்கள்.

அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போனோம். செபவீட்டுக்காரர் சாவியைத் தர மறுத்தார். "பாதியில கூட்டிட்டுப் போனா அவன் செத்துருவான். பழி உன் தலையில" என்றார். "இருக்கட்டும். பூட்டைத் தெறங்க. இல்லன்னா ஜன்னலோட பேத்து எடுத்துட்டுப் போவேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துத் திறந்துவிட்டார்.

அதே ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் வசந்தா சிஸ்டர் இருந்தார்கள். உடன்குடிக்காரர். மனநல நர்ஸ். அவர்கள் என்னிடம் எதையும் கேட்கும் முன் மிக்கேல் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அண்ணாச்சி, என் பேரு வசந்தா. உங்க காலைப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்கள். எத்தனையோ நாளாக யாரும் அவரிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. அவர் மெல்லக் காலை நீட்டினார்.

புண்ணைக் கழுவும்போது அவர் ஜெரோனைப் பற்றிச் சொன்னார். சிஸ்டர் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "எனக்கு அந்தக் குரல் கேக்கல அண்ணாச்சி. ஆனா உங்களுக்குக் கேக்குது. அது எவ்வளவு பயமா இருக்கும்னு தெரியுது." கொஞ்ச நேரம் கழித்து நேராகவே கேட்டார்கள். "செத்துரணும்னு தோணுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்படியா கேப்பிய சிஸ்டர்?" என்று பாய்ந்தேன். அதற்குள் மிக்கேல் அழ ஆரம்பித்துவிட்டார். "ஆமா. நான் மட்டும் ஏன் மேல வந்தேன்?" ஜெரோனின் அடக்கத்தில் வராத அழுகை அன்று வந்தது. சிஸ்டர் கண்ணீரைத் துடைக்கச் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு என்னிடம் சொன்னார்கள், "கேக்கதுனால அந்த நெனப்பு வந்துராது. கேக்காட்டித்தான் உள்ளயே வச்சிக்கிடுவாங்க."

சிஸ்டரோடு நான் சண்டையும் போட்டேன். மிக்கேல் கழுத்தில் கிடந்த உத்தரியத்தை, மாதா படம் கோத்த கயிற்றை, கழற்றித் தரச் சொன்னார்கள். மாதாவையா கழற்றச் சொல்கிறீர்கள் என்று கத்தினேன். "மாதாவ இல்லம்மா, கயித்த. இப்ப இவர்ட்ட எந்தக் கயிறும் இருக்கக் கூடாது. அவருக்காக நீங்க போட்டுக்கிடுங்க" என்றார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அவர் மாத்திரையைத் துப்பினார். மீன்குழம்பில் கலந்து கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "ஏமாத்தினா நாளைக்கு உங்க கைச் சோத்தையும் நம்ப மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் அரைமணிக்கு ஒருதடவை வந்து, அது என்ன மாத்திரை, எதற்கு என்று அவரிடமே சொன்னார்கள். மூன்றாவது தடவை அவராகவே கையை நீட்டினார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் வார்டில் இருந்தோம். குரல் மெல்ல மெல்லத் தணிந்தது. முதலில் சாப்பிட்டார், பிறகு தூங்கினார், ஒருநாள் தானே சவரம் செய்துகொண்டார். அன்று பாத்ரூமுக்குள் போய், வாயைப் பொத்திக்கொண்டு நன்றி செபம் சொன்னேன்.

இப்போது சங்கு குளிக்கப் போவதில்லை. ஐஸ் கம்பெனியில் வேலை. மாத்திரை தொடர்கிறது. எப்போதாவது, "இன்னைக்கு லேசா கேக்குதுளா" என்று சொல்வார். இரண்டு பேருமாக வார்டுக்குப் போவோம். ஜெரோன் வீட்டுக்கும் போய்விட்டு வந்தார்.

போன மாதம் ஒரு அக்கா என்னிடம், "மாத்திரையிலதான நல்லாச்சு? செபம் பலிக்கலன்னுதான அர்த்தம்?" என்று கேட்டாள். அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். என் செபம் பலித்தது! மாத்திரையைக் கண்டுபிடித்த அறிவும் ஆண்டவர் கொடுத்ததுதான். அந்தப் புண்ணைக் கழுவிய கையும் அவர் அனுப்பியதுதான். சங்கிலியை மட்டும் அவர் கொடுக்கவில்லை. அது மனிதர்கள் போட்டது. என்னை விசுவாசம் இல்லாதவள் என்று சொல்லுங்கள், கவலையில்லை. என் விசுவாசம் என் வீட்டுக்காரர் கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்து வேலைக்கு அனுப்புகிறது.

இங்கே உட்கார்ந்திருக்கிற யாராவது வீட்டில், வெளியே சொல்ல முடியாமல், கதவைச் சாத்தி ஒருவரை வைத்திருக்கலாம். எனக்குத் தெரியும், நானும் அப்படி வைத்திருந்தவள்தான். செபத்தை விடாதீர்கள். சத்தமாகச் செபியுங்கள், அடுத்தவர் காதில் விழட்டும். மனநல வார்டுக்கு வழி தெரியாது, தனியாகப் போக வெட்கம் என்றால், திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கோவில் வாசலுக்கு வாருங்கள். நான் கூட வருகிறேன்.