டோரினின் பத்து விநாடி

வயரைக் கழற்றியதும் டோரினின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். கணினி எதையோ எழுதிக்கொண்டிருக்கும். அதன் வன்வட்டுக்குப் போகும் வயர் இவர் கையில் தொங்கும். ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை ஆமென் வரைக்கும் சொல்லி முடித்து, வயரைத் திரும்பச் செருகுவார். “வந்துட்டான்” என்பார். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இது நடக்கும். கோயிலுக்குப் போனால்கூட இத்தனை செபம் சொல்வாரா என்பது சந்தேகம்.

டோரினுக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு கொட்டாஞ்சேனையில், வேலை ஒருகொடவத்தையில், ஸஹாப்தீன் முதலாளியின் கொண்டெய்னர் யார்டில். முறைப்படி அவர் ஒரு கிளாக்கர். எந்தப் பெட்டி எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று கணினியில் பதிய வேண்டும். ஆனால் அந்தக் கணினிக்கு லினக்ஸ் போட்டவரும் அவர்தான், அதன் கேர்னலைத் திறந்து திருத்துகிறவரும் அவர்தான். கேர்னல் என்பது இயங்குதளத்தின் அடிமடி. வட்டுகளோடு உறவு வைத்திருக்கும் ஓர் அடுக்கு அதற்குள் இருக்கிறது. வட்டு எந்த வழியால் வருகிறது, வழி அறுந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, வராவிட்டால் எப்போது பட்டியலிலிருந்து அதன் பெயரை வெட்டுவது எல்லாம் அந்த அடுக்கின் பொறுப்பு. உலகத்தில் அதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

“வேல செய்யிற வரைக்கும் அப்படி ஒண்டு இருக்குதெண்டே ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் என்னிடம். “விழுந்தா மட்டும் பேர் சொல்லித் தேடுவாங்க.”

சொல்லும்போது அவருக்குப் பெருமைதான்.

போன வருடம் மாசியில், எங்கள் அச்சகத்தின் கடதாசி உருளைகளைத் தேடி அங்கே போனேன். அந்த வாரம் கணினி மூன்று தரம் உறைந்து போயிருந்தது. சுவருக்கு அப்பால் பாரந்தூக்கி ஒரு பெட்டியை இறக்கினால் தரை அதிரும், வயர் நெகிழும். டோரின் ஓடிப்போய் அழுத்திச் செருகுவார். வட்டு இரண்டு இருப்பதால், ஒன்று காணாமற்போனாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். போனது திரும்பி வரும்போதுதான் வில்லங்கம். கணினி பேச்சுமூச்சற்றுக் கிடக்கும். பெட்டி எங்கே என்று சோதனைக்கு வரும் சீருடைக்காரர் கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. இந்தக் காலத்துக் கொழும்பில் ‘தெரியாது’ என்பது சொல்லக்கூடிய பதில் அல்ல. செவ்வாய்க்கிழமை ஒரு சாரதியை அதற்காகவே நான்கு மணித்தியாலம் இருத்தி வைத்திருந்தார்கள்.

ஸஹாப்தீன் நல்ல மனிதர். ஆனாலும் பொறுமைக்கு ஓர் அளவுண்டு. டோரினிடம் சொல்லிவிட்டார்: “வெள்ளிக்கெழமக்குள்ள சரிவரல்லன்டா இந்த மெஷினத் தூக்கி வெளியால போட்டுருவன் மிஸ். சிங்கப்பூர்க்காரன் மெஷினையும் தாறான், ஆளையும் தாறான்.” ஆளும் வந்தால் டோரினுக்கு அங்கே கதிரை இல்லை.

“வயரை மாற்றினால் என்ன?” என்று நானும் என் மேதாவிலாசத்தைக் காட்டினேன்.

“மூணு தரம் மாத்தியாச்சு. வயர் எண்டா விழத்தான் செய்யும். விழுந்து எழும்பி வாறவன உள்ளுக்கு எடுக்கத் தெரியோணும். அதுதானே கேர்னல்ட வேல.”

சோதித்துப் பார்த்தால் பிழை வருவதில்லை, அதுதான் அவருக்குத் தலையிடி. கழற்றுவார், செபம் சொல்வார், செருகுவார். வட்டு சமர்த்தாக வந்துவிடும். அந்த அடுக்கைப் பராமரிக்கும் ஜெர்மன்காரர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். கழற்றிப் பன்னிரண்டு விநாடி கழித்துச் செருகவும் என்று அதில் இருந்தது. ஒரு செபம் பன்னிரண்டு விநாடி என்பது டோரின் என்றோ ஒருநாள் மணிக்கூடு வைத்துப் பார்த்த அளவு. “இங்கே பிழை வரவில்லை” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை, நான் அங்கே இருக்கும்போதே, ஸஹாப்தீன் வந்து டோரினின் கதிரைக்குப் பின்னால் நின்றார். அவருடைய மூச்சு கேட்டது. டோரின் வயரைக் கழற்றினார், செபம் சொன்னார், செருகினார். கணினி உறைந்தது.

முதலாளி ஏதோ சொல்ல வந்தார். டோரின் கையை உயர்த்தி நிறுத்தினார். கணினியை மறுபடி எழுப்பிவிட்டு, என் கைமணிக்கூட்டைக் கேட்டு வாங்கினார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

“நாநா, போயிராதீங்க. அப்படியே பின்னுக்கு நில்லுங்க. கொஞ்சம் கோவமா நில்லுங்க.”

கழற்றி, செபம் சொல்லி, செருகினார். திரும்பவும் உறைந்தது. மணிக்கூட்டில் பத்து விநாடி. முதலாளி முதுகுக்குப் பின்னால் நின்றால் செபத்தில் இரண்டு விநாடி குறைகிறது. அந்த அடுக்கு வட்டுக்காகக் காத்திருப்பதும் சரியாகப் பத்து விநாடிதான். அது பெயரை வெட்டத் தொடங்கும் அதே நொடியில் வட்டு வாசலில் வந்து நிற்கிறது. பாதி வெட்டிய பெயரை என்ன செய்வதென்று தெரியாமல் கணினி திகைத்துப் போகிறது. ஆறுதலாகச் சொன்ன செபம் ஒருநாளும் அந்த நொடியில் போய் முட்டியதில்லை. உண்மையாகவே வயர் விழும்போது யார் ஆறுதலாகச் செபம் சொல்வார்?

கேர்னலுக்குள் ஏழு வரி எழுதினார். வெட்டத் தொடங்கினால் வெட்டி முடி, பிறகு கதவைத் திற என்பதுதான் அதன் சாரம். அதற்கே மத்தியானமாகிவிட்டது. பத்து விநாடியில் இருபது தரம் கழற்றிச் செருகியும் கணினி உறையவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஸஹாப்தீன் மட்டும் சமாதானமாகவில்லை. “இப்ப லொறி இல்லாத நேரம். யார்ட் ஓடக்கொள்ள விழுந்தா?”

லொறிகள் வரும்வரைக்கும் டோரின் காத்திருந்தார். முதலாவது சாரதி சீட்டை நீட்டியபோது எழுந்து, வயரின் நுனியை முதலாளியின் கையில் கொடுத்தார்.

“கழட்டுங்க நாநா. விரும்பின நேரம் போடுங்க.”

கண்ணாடிக்கு வெளியே பாரந்தூக்கி உறுமியது. முதலாளி பிஸ்மி சொல்லி வயரை இழுத்தார். டோரின் திரைப்பக்கம் திரும்பவேயில்லை, உதடுகளும் அசையவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தார். கடைசியாகச் சாப்பிடுவதற்கென்று பொரித்த மீன் துண்டை ஒரு மூலைக்கு ஒதுக்கி வைத்தார்.