லத்தியால் ஒரு தட்டு

தமிழகத்தோடு சேர வேண்டும் என்று எல்லை ஊர்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம். பாறசாலை டீக்கடையில், லத்தியால் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருக்கும் மீசைக்காரப் போலீஸ்காரர் ஒருவர் என் சரித்திரப் புத்தகத்தில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார்.

"இந்த இரும்புச் சட்டை போட்டவன் ஆராக்கும் சாரே?"

"பழைய ஐரோப்பாவின் குதிரைவீரன். ஏழு வயதில் பிரபு வீட்டில் ஏவல் வேலை. பதினாலில் ஆயுதப் பயிற்சி. இருபத்தொன்றில், எளியவரைக் காப்பேன் என்று சத்தியம் செய்து மண்டியிடுவான். ராஜா வாளால் தோளில் தட்டியதும் வீரனாகிவிடுவான்."

"ஒரு தட்டுக்கா சாரே இத்தன வருசம்?"

மறுநாள் நான் போன ஊர்வலத்தில் தடியடி. இடறி மண்டியிட்டு விழுந்த என்மேல் அதே லத்தி ஓங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். தோளில் மெதுவாக ஒரு தட்டு.

"எழும்பி ஓடும் சாரே!"

நினைத்துத்தான் தட்டினாரா, தெரியாது. வீரனான கையோடு ஓட்டம் பிடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.