ஐப்பசியில் வெட்டிய லைலாக்

எங்கள் வீட்டின் மூத்தவர் அக்கா. வடமராட்சியில் பிறந்த அவர் கனடாவின் ரொக்ஸ்பரோவில் கண்மூடி ஓராண்டு ஆகிவிட்டது.

அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. தனியே கனடா வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் நான்கு பெண்களோடு ஒரே அறையில் தங்கி, சென்ட் லோரன்ட்டில் மருந்துத் தொழிற்சாலையொன்றில் பெட்டி அடுக்கினார். அம்மாவையும் என்னையும் கூப்பிட்ட பிறகுதான் தன் கலியாணம் என்றார். நாங்கள் வந்த பின்பு அந்தக் கதையை எடுத்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அக்காவின் வாய் அப்படி.

ரொக்ஸ்பரோ வீட்டை வாங்கிய வசந்தத்தில், தன் அறை ஜன்னலுக்கு நேரே மே மாதத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் வெள்ளை லைலாக் கன்று ஒன்றை நட்டார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். முதல் கொத்து சுவாமிப் படத்துக்கு. மிச்சத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. பூ வாடிய கையோடு கிளைகளை அவரே கத்தரித்துவிடுவார்.

புற்றுநோயால் அவர் படுக்கையில் விழுந்த ஐப்பசியில், பனிப் பாரத்தில் கிளை முறிந்துவிடும் என்று பயந்து நான் மரத்தை ஒட்ட வெட்டினேன். ஊரில் செவ்வரத்தையை எப்போது வெட்டினாலும் துளிர்த்துப் பூக்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டொக்டர் கிறிஸ்மஸ் வரை என்றார். அக்கா மே மாதம் வரை இருந்தார். தெரு முழுக்க லைலாக் பூத்தது. எங்கள் மரத்தில் வெறும் இலை.

"இந்த முறை குளிர் கூட, அக்கா. பிந்திப் பூக்கும்."

"ஓம்" என்றார்.

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு அம்மா தன் மரத்து ஊதாப் பூக்களைக் கொண்டுவந்து தந்தார். அவர் சொல்லித்தான் விளங்கியது: லைலாக் அடுத்த வசந்தத்துக்கான மொட்டை முந்தின கோடையிலேயே வைத்துவிடுமாம். நான் வெட்டி எறிந்தது அதைத்தான்.

பூவைக் கட்டிலருகே வைத்துவிட்டு, அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் தம்பி. நீ வெட்டேக்க ஜன்னலாலை பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்."

"ஏன் அக்கா மறிக்கேல்லை?"

"மே மாசம் மட்டும் கிடப்பன் எண்டு ஆர் கண்டது? தெரிஞ்சிருந்தா கத்தியிருப்பன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

வீடு தேடி வந்து பார்த்த தாதியருக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த உறவினருக்கும், பூத் தந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. இந்த வருடம் மரம் நிறையப் பூத்திருக்கிறது. திவசத்துக்கு வருபவர்கள் வேண்டிய மட்டும் கொண்டுபோங்கள். முதல் கொத்தை மட்டும் உங்களில் ஒருவர் வெட்டி அக்காவின் படத்துக்கு வையுங்கள். அந்த மரத்தில் கத்தரிக்கோல் வைக்க எனக்குக் கை வரவில்லை.