'ஐயா வரட்டும்' ஏட்டு

அந்த ஸ்டேஷனில் போய் வெறுமனே ஏட்டு என்று கேட்டால் யாருக்கும் புரியாது. 'ஐயா வரட்டும்' ஏட்டு என்று கேட்டால், வாசலில் டீ விற்பவர்கூட ஆளைக் கை காட்டிவிடுவார். பர்ஸ் தொலைந்தது என்று வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரன் பல்லை உடைத்தான் என்று வந்தாலும் அவர் வாயில் ஒரே பதில்தான். "உக்காருங்க. ஐயா வரட்டும்." வீட்டிலும் இதே கூத்து. மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று கேட்டதற்கு மனிதர் தாடையைத் தடவிக்கொண்டே இருக்க, மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க எந்த ஐயா வரணும்? சொல்லுங்க, காபி போட்டு வைக்கிறேன்" என்றாள்.

பிறவியிலேயே கோழை என்று அவரைச் சொல்லிவிட முடியாது. சட்டைக் கையில் மூன்று பட்டை ஏறி ஏட்டான புதிதில், ஒரு தெருச் சண்டையைத் தானே போய் விலக்கி, இரண்டு தரப்பையும் சமாதானம் செய்து அனுப்பிவைத்தார். தட்டிக் கொடுப்பார் என்று பார்த்தால், அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் மொத்த ஸ்டேஷனையும் நிற்கவைத்து, "இங்க இன்ஸ்பெக்டர் நீயா, நானா?" என்று ஒரு பிடி பிடித்தார். கான்ஸ்டபிள்களெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றோடு சரி. கான்ஸ்டபிளுக்கு மேலே ஏட்டு, ஏட்டுக்கு மேலே சப்-இன்ஸ்பெக்டர், அதற்கும் மேலே இன்ஸ்பெக்டர் என்று ஏணி போட்டு வைத்திருக்கும் உத்தியோகத்தில், மேல்படியைக் கை காட்டிவிட்டால் தலை தப்பும் என்று கற்றுக்கொண்டார். அந்த ஏணிக்கு இன்னொரு விதியும் உண்டு. மேலே இருப்பவர்கள் வெளியே போய்விட்டால், இருப்பவர்களில் மூத்தவர்தான் ஸ்டேஷனுக்குப் பொறுப்பு. அது மட்டும் அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும்.

இன்ஸ்பெக்டர் மந்திரி பந்தோபஸ்துக்கும் சப்-இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்கும் போயிருந்த ஒரு காலையில் தையல்காரர் வந்தார். பின்தெருவில் கடை. ஸ்டேஷன் காக்கிச் சட்டையெல்லாம் அவர் கை பட்டதுதான். ஏட்டின் மூன்று பட்டையையும் அவர்தான் தைத்துக் கொடுத்திருந்தார்.

"தம்பி விடிஞ்சதும் குடிச்சிட்டு வந்து நிக்கிறான் ஏட்டையா. கடையில பங்கு குடுன்னு கத்தரிக்கோலைக் கையில வெச்சுக்கிட்டு ஆடுறான். கேஸெல்லாம் வேணாம். சும்மா வந்து ஒரு அதட்டு அதட்டுங்க, பெட்டிப் பாம்பா அடங்கிடுவான்."

ஏட்டு எழுந்தே விட்டார். தொப்பியைக்கூட எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா அந்த 'நீயா, நானா' காதில் ஒலிக்க வேண்டும்! தொப்பியைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

"உக்காருங்க. ஐயா வரட்டும்."

தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடையில வீட்டுக்காரி தனியா இருக்கா" என்று எழுந்து போனார். ஏட்டு தடுக்கவுமில்லை, கூடப் போகவுமில்லை. சற்று நேரத்தில் பின்தெருவில் கூச்சல் கேட்டது. தொப்பியும் இல்லாமல் ஓடிப்போய்ப் பார்த்தால், தம்பிக்காரன் சுவரோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருக்கிறான். அண்ணனின் வலது கையை அவர் மனைவி தன் முந்தானையால் சுற்றிப் பிடித்திருக்கிறாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. தம்பி ஜெயிலுக்குப் போனான். ஏட்டை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நல்லவேளை, தனியாப் போய் மாட்டிக்காம இருந்தே" என்று இன்ஸ்பெக்டர் பாராட்டக்கூடச் செய்தார். எந்தப் பாராட்டுக்காக ஒரு காலத்தில் ஏங்கினாரோ, அது வந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பின் பின்தெருப் பக்கமே போகாமல், சுற்றுவழியாக வீட்டுக்குப் போனார். சட்டையும் வேறு இடத்தில் தைத்துக்கொண்டார்.

ஓய்வு பெறும் வயது நெருங்கியபோது ஒருவழியாக சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். இனிப் பட்டை கிடையாது, தோளில் நட்சத்திரம். புதுச் சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், நேரே அந்தக் கடைக்குப் போனார். மிஷினில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார்.

"வாங்க ஏட்டையா. இல்ல, இனிமே ஐயான்னுதான் கூப்பிடணும். ரொம்ப சந்தோஷம்."

வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஏட்டு தட்டுத் தடுமாறி ஆரம்பித்தார். "அன்னைக்கு ஸ்டேஷன்ல ஐயா யாரும் இல்ல. அதனாலதான் நான்..."

"தெரியுமே" என்றார் தையல்காரர். குரலில் கோபமே இல்லை. "ரெண்டு ஜீப்பும் போற வரைக்கும் எதிர்ல காத்திருந்துதானே உள்ள வந்தேன். அவங்க இருந்தா தம்பியை உள்ள தள்ளிடுவாங்க, அவன் வாழ்க்கையே போயிடும். நீங்கன்னா கூட வந்து அதட்டிட்டு விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

மிஷின் சத்தம் நின்றது. ஏட்டு துணியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

தையல்காரர் இடது கையால் டேப்பை உருவி மனைவியிடம் நீட்டினார். "ஐயாவுக்குத் தோள் அளவு எடும்மா. பாத்து எடு, நட்சத்திரம் வர்ற இடம்."