ஹரிராமின் கத்தியும் ஸ்வப்னாவின் கையும்

ஸ்வப்னாவைப் பற்றி நான் சொல்கிறபடியே எழுதிக்கொள். நீயாக எதையும் சேர்க்க வேண்டாம்.

அவளும் புருஷன் ஹரிராமும் திருநகரில் என் வீட்டு மாடிக்குக் குடிவந்தது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில். சௌராஷ்டிரக் குடும்பம், தங்களுக்குள் அவர்கள் பேச்சு வேறு, என் முன்னால் தமிழ். அவனுக்கு ஜவுளிக்கடையில் வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து, ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்து இன்டர்நெட்டில் ஆடுகிற சண்டை விளையாட்டில் ஒரு வீரனை வளர்த்துவந்தான். அவன் கடைக்குப் போனதும் அந்த வீரனை ஓட்டுவது ஸ்வப்னா. ஒரே பொட்டல், ஒரே பன்றிமூஞ்சிப் பூதங்கள். வெட்டினால் இரும்பு விழும். அந்த இரும்பைக் கொண்டுதான் கத்தியையும் கவசத்தையும் பலமாக்க வேண்டும். குக்கரை வைத்துவிட்டு வந்து வெட்டுவாள். விசில் வந்தால் எழுந்து போவாள்.

"ஒரு நாளு விட்டாத்தான் என்னத்தா?" என்றேன்.

"மத்தவன் ஏறிருவான் அப்பத்தா. அப்புறம் நாம எம்புட்டு வெட்டினாலும் அவனுக்கு உறைக்காது."

கல்யாணத்துக்கு முன்னால், அண்ணன் நடத்திய பிரௌசிங் சென்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடியவள். அதில் எல்லாருக்கும் ஒரே துப்பாக்கி. கை சுருக்கானவர் ஜெயிப்பார். காலேஜ் பையன்கள் இவளுக்கு எதிரே உட்காரத் தயங்குவார்களாம். இதிலும் தன் பேரில் ஓர் ஆளைத் திறந்து ஆட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஹரிராம் முடியாது என்று சொன்னதே இல்லை. "கத்தி ஒரு படி ஏறட்டும்" என்பான். கத்தி ஏறும். "கவசமும் ஏறட்டும்" என்பான்.

ஞாயிறு சாயங்காலம் அந்த விளையாட்டில் கூட்டம் சேர்ந்து கோட்டை பிடிக்கிற சண்டை நடக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்து ஆட, அவன் சிநேகிதன் சாய்குமார் தன் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். வடகம் கொடுக்க மாடி ஏறிய நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"சாய் ஆள நான் ஓட்டுறேன்," என்றாள் ஸ்வப்னா புருஷனிடம். "ரெண்டு பேரும் எல்லாத்தையும் கழட்டிட்டு, மொத நாள் குடுக்குற சின்னக் கத்தியோட வருவோம். நான் ஜெயிச்சா என் பேர்ல ஆள் திறக்கணும்."

"அண்ணே, பயமா இருந்தா கவசத்த மாட்டிக்கங்க," என்றான் சாய்குமார்.

ஹரிராம் சிரித்துக்கொண்டே கழற்றினான். தோற்றான். இன்னொரு தடவை என்றான், அதிலும் தோற்றான். பிறகு எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்து ஒரே வெட்டு. அவள் ஆள் விழுந்தது.

"இதான் ஆட்டம்," என்றான்.

"கழட்டிட்டுத்தான வரச் சொன்னா?" என்றேன். நான் விடவில்லை.

அவன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ இம்புட்டு நல்லா ஆடுவேன்னு தெரியாமப் போச்சே. இன்னைக்குக் கோட்டைச் சண்டைக்கும் என் ஆள நீயே ஓட்டு."

"என் பேரு?"

"நீ தனியா ஆடப் போயிட்டா இவன யாரு ஓட்டுறது?"

அன்று சாயங்காலம் கோட்டையை அவள்தான் பிடித்தாள். கூட ஆடினவர்கள் எழுதுவது திரையில் வந்துகொண்டே இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, என்னவென்று கேட்டேன்.

"'ஹரி அண்ணே, கத்தியில ஒண்ணுமில்ல, எல்லாம் உங்க கைதான்'னு எழுதுறாங்க அப்பத்தா."

"நான்தான்னு பதில் எழுது."

"நான் எழுதினாலும் அவரு பேர்லதான் வரும். அவரு வம்பு பண்றாருன்னு சிரிப்பாங்க."

பின்னால் நின்ற ஹரிராம், "நன்றின்னு போடு," என்றான். அவள் போட்டாள். அடுத்த ஞாயிறும் கோட்டையைக் காக்க அவள் உட்கார வேண்டும் என்று ஹரிராமும் சாய்குமாரும் அங்கேயே பேசி முடித்தார்கள்.