மணமில்லாத நஞ்சு

எனக்குத் தலைவலி தொடங்கியது ஒரு குளிர்காலத்தில். எண்பதுகளின் தொடக்கம். புனேயில், தாபோடியில் குடியிருந்தோம். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. கணவரின் தங்கை ஜெயா எங்களோடு தங்கி, டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் போய்வந்தாள்.

அந்த ஆண்டுதான் குளியலறையில் கேஸ் கீசர் மாட்டினோம். குளிர் உள்ளே வராமலிருக்க, மேலே இருந்த காற்றுத் துவாரத்தை அட்டை வைத்து அடைத்திருந்தோம்.

குளித்துவிட்டு வந்தால் நெற்றிப்பொட்டு தெறிக்கும். குமட்டும். கால் துவளும். பள்ளிக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும். தலைக்குக் குளிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெகுநேரம் நீடிக்கும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்.

முதலில் சந்தேகப்பட்டவள் ஜெயாதான்.

“மதினி, குளிச்சிட்டு வந்தாத்தான ஒங்களுக்குத் தலவலிக்கி? எனக்கும் இன்னைக்குக் கிறுகிறுன்னு வந்துச்சி.”

“இந்தக் குளிர்ல பச்சத்தண்ணில குளிக்கச் சொல்லுதியா?”

“அதுக்கில்ல. அடுப்புல தீ நீலமா எரியுதுல்லா? கீசர்ல மஞ்சளா எரியுது. மேல செவரெல்லாம் கரி. அண்ணங்கிட்டச் சொல்லி மிஸ்திரிய வரச் சொல்லணும்.”

கீசர் பழுது பார்க்கும் மிஸ்திரி வருவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. கணவர் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். தலைக்குச் சீயக்காய் தேய்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மீதி, ஜெயா சொல்லித் தெரிந்துகொண்டது. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. தோளால் மோதித் தாழ்ப்பாளைப் பெயர்த்திருக்கிறாள். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே புகுந்து, கீசரை அணைத்து, தன்னைவிடக் கனமான என்னை வெளிவாசல்வரை இழுத்து வந்திருக்கிறாள். மேலே ஒரு சேலையைச் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூவி அழைத்து, ரிக்ஷாவில் ஏற்றியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அம்மா மராட்டிக்காரர். “கேஸ் கீசரா? ஜன்னல் திறந்திருந்ததா?” என்று இந்தியில் கேட்டாராம். ஜெயா சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார். கார்பன் மோனாக்சைடு (வாயு சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சு, இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வது). கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். இதற்கு மணமே கிடையாது.

சில நாளில் வீடு திரும்பினேன். பிழைத்துவிட்டேன் என்றே நினைத்தோம். ஆனால் ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, கரும்பலகையில் பாதி எழுதிய சொல் எது என்று எனக்குத் தெரியாமல் போனது. ரவிக்கை ஊக்கு மாட்ட விரலுக்கு வரவில்லை. காலைத் தரையில் தேய்த்து நடந்தேன்.

“சிலருக்கு மூளையில் தாமதமாக வரும் பாதிப்பு இது. பெரும்பாலும் திரும்பி வரும். எப்போது என்று சொல்ல முடியாது” என்றார் டாக்டர் அம்மா. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே அவரை முழுதாக நம்பினேன்.

கணவர் பதறிப்போய், “இன்னைக்கு என்ன கெழம, சொல்லு பாப்போம்” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு அழுகை வரும். ஜெயா அப்படிக் கேட்டதே இல்லை. “மதினி, சொதிக் கொழம்புக்குத் தேங்காப்பால் எப்பிடிப் பிழியணும்? எனக்கு வரமாட்டேங்கி” என்று என்னிடம் கற்றுக்கொள்ள வருவாள். நான் தட்டுத்தடுமாறிச் சொல்வேன். சொல்லும்போதே அடுத்தது நினைவுக்கு வரும். ஒருநாள் தூள் போடாமல் டீ கொடுத்திருக்கிறேன். தம்ளரைக் காலி செய்துவிட்டு, “வெந்நி நல்லாத்தான் இருக்கு மதினி” என்றாள். வீடே சிரித்தது. நோய் வந்தபின் நான் சிரித்தது அன்றுதான். மாலையில் என் கையைப் பிடித்து ரயில் ஸ்டேஷன்வரை நடத்திக் கூட்டிப்போவாள். நான் நின்றால் அவளும் நிற்பாள். ஒருபோதும் இழுத்ததில்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் கீசர் இருக்கலாம். மஞ்சள் தீ, சுவரில் கரி, குளித்தபின் தலைவலி, வெளிக்காற்றில் அது தெளிவது, வீட்டில் இன்னொருவருக்கும் அதே கிறுகிறுப்பு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆள் வந்து பார்க்கும்வரை அதைப் பற்றவைக்க வேண்டாம். காற்றுத் துவாரத்தை எக்காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள்.

நான் முழுதாகத் திரும்பினேனா என்று கேட்பார்கள். கையெழுத்து இன்னும் கொஞ்சம் சாய்கிறது. அடுத்து வந்த கோடையில் பெரும்பகுதி எனக்கு இல்லை, ஜெயாவிடம்தான் இருக்கிறது. முன்பெல்லாம் நாட்கள் தாமாக வந்து போயின, உடம்பும் தானாக நடந்தது. இப்போது ஒவ்வொரு நாள் காலையும் கண் விழித்ததும் சற்று அப்படியே கிடந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அந்த ஆண்டின் முதல் மழை பெய்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தேன். மண் மணம் எழுந்தது. “ஜூன் வந்துட்டு” என்றேன். என்ன மாதம் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை. துணி எடுக்க ஓடிய ஜெயா, கொடியடியில் நனைந்தபடியே திரும்பி என்னைப் பார்த்து நின்றாள்.