பில்கிஸின் தமிழ்

பில்கிஸுக்குத் தமிழில் 'அவர்' வராது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் செக்கிங் பார்க்கிறவள் அவள். வயது ஐம்பதை நெருங்குகிறது. வீட்டில் உருதுதான். தமிழைக் கற்றது கம்பெனிக்கு வந்த பிறகு; பாதி சண்டையில், பாதி சாப்பாட்டு நேரத்தில். உருதுவில் அவளுக்கு மரியாதைக்குப் பஞ்சமே இல்லை, பக்கத்து வீட்டுப் பொடிசைக்கூட 'ஆப்', அதாவது 'நீங்கள்', என்பாள். தமிழுக்கு வந்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும். "மேனேஜர் வந்தான், கம்மியா சிரிச்சான், ஜாஸ்தியா திட்டினான், போய்ட்டான்" என்பாள். லைனே விழுந்து விழுந்து சிரிக்கும். மேனேஜருக்கும் பழகிவிட்டது.

பக்கத்து மெஷினில் தைக்கிற அமிர்தவள்ளி இதற்கு நேர் எதிர். குடித்துவிட்டு பஸ்ஸில் மேலே வந்து சாய்கிறவனைக்கூட, "அவர கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றுதான் கண்டக்டரிடம் சொல்வாள். வளர்ப்பு அப்படி. ஆம்பிளை என்றால் அவர், படித்தவர் என்றால் சார். அந்த மரியாதைதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய கடைசிப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். ஊர் சும்மா இருக்குமா? "வயசா ஆயிடுச்சு, இன்னொண்ணு பெத்துக்கோ" என்றது, உடைந்த டம்ளருக்கு வேறு வாங்கச் சொல்வதுபோல. அவளுக்குத் தூக்கம் போனது. தைக்கும்போது ஊசி விரலில் இறங்கியது. கம்பெனியின் வெல்ஃபேர் மேடம் வேலூரில் ஒரு கவுன்சிலிங் சாரின் பெயரைச் சொன்னார். கணவர் கோதண்டராமன் 'குட்டி யானை' என்கிற சின்ன லோடு வண்டியில் தோல் ஏற்றுகிறவர். சனிக்கிழமைதோறும் அந்த வண்டியிலேயே அவளைக் கூட்டிப்போனார். சாரின் ரூம் ஒரு மாடியில் இருந்தது.

சார் முதலில் நல்லவராகத்தான் இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது புரியாது. நரைத்த தலை, மெல்லிய குரல். இன்னொண்ணு பெத்துக்கோ என்று அவர் சொல்லவில்லை. பிள்ளையின் பெயர் என்ன, எப்படிச் சிரிப்பான், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவான் என்று கேட்டார். அதுவரை யாரும் அவளிடம் அதையெல்லாம் கேட்டதில்லை. அவள் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து தூங்கினாள். கோதண்டராமன் பொங்கலுக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்து, சாரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

பிறகு சாரின் நாற்காலி பக்கத்தில் வந்தது. துக்கம் உடம்பில்தான் தங்கியிருக்கிறது, தொட்டுத்தான் இறக்க வேண்டும் என்றார். கையில் ஆரம்பித்தார். கதவைச் சாத்தினார். அவள் விலகியபோது, "குணமாகணும்னு உனக்கே ஆசை இல்லையா?" என்று வருத்தமாகக் கேட்டார். அதற்கப்புறம் எல்லை என்று எதுவும் இல்லாமல் போயிற்று. வெளியே சொன்னால் சிகிச்சை கெட்டுவிடும் என்றார். நீயும்தானே சும்மா இருந்தாய் என்றும் சொன்னார். மாசக்கணக்கில் அவள் போய்க்கொண்டிருந்தாள். ஏன் போனாள் என்று கேட்க நிறைய பேர் இருப்பார்கள். டாக்டர் ஊசி போடும்போது கையை இழுக்கக் கூடாது என்றுதானே நம் எல்லோரையும் வளர்த்திருக்கிறார்கள்?

கடைசியில் ஓவர்டைம் என்று பொய் சொல்லி நின்றுவிட்டாள். அதற்குப் பிறகுதான் எது பறிபோனது என்று தெரிந்தது. பிள்ளையை நினைத்தால் அந்த ரூம்தான் முன்னால் வந்தது. அவன் சிரிப்பைச் சொன்னது அங்கே, அவன் தூங்கும் அழகைச் சொன்னதும் அங்கே. பெற்ற பிள்ளைக்காக நிம்மதியாக அழக்கூட அவளுக்கு வழியில்லாமல் போனது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

சொல்லிப் பார்க்காமல் இல்லை. மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். 'சார் கையப் புடிச்சாரு. சார் கதவ சாத்தினாரு.' அந்த 'ஆரு' வந்து ஒட்டிக்கொண்டதும் அது குற்றம் மாதிரியே கேட்கவில்லை. பெரிய மனுஷர் ஏதோ செய்ய, புத்தி கெட்ட பெண் தப்பாக எடுத்துக்கொண்டாள் என்பதுபோல்தான் கேட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

போன மாசம் தூக்கம் அடியோடு போயிற்று. ஒரு புதன்கிழமை காலையில் கோதண்டராமன் சொன்னார்: "இப்படியே உட்டா நீ படுத்துடுவே வள்ளி. சாருக்குப் போன் போட்டுட்டேன். சனிக்கிழமை கூட்டினு வரச் சொன்னாரு. ரொம்ப சந்தோஷமா பேசினாரு."

அமிர்தவள்ளி தலையை ஆட்டிவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். சனிக்கிழமைக்குள் வாயைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் அந்த மாடிப்படி ஏற வேண்டும். செத்துப்போய்விட்டால் இரண்டும் வேண்டாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பில்கிஸ் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா பேஜாரு உனக்கு? சாப்புடு."

"சனிக்கிழமை கவுன்சிலிங் சாரைப் பாக்கப் போணுமாம்க்கா."

"போ, நல்லதுதானே. அப்ப நல்லா தூக்கம் வந்துச்சுன்னு சொன்னியே." பில்கிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அமிர்தவள்ளியின் கண்ணீர் சோற்றில் விழுந்துகொண்டிருந்தது. "ஏய், ஏன் அழற? அவன் இன்னா பண்ணான் உன்னை?"

பில்கிஸ் விவரம் தெரிந்து கேட்கவில்லை. மேனேஜர், கலெக்டர், மந்திரி எல்லோருமே அவளுக்கு அவன்தான். ஆனால் அமிர்தவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாரை ஒருத்தர் அவன் என்று சொல்லலாம் என்பதே அவளுக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. அவள் வாயில் அவன் என்று வந்ததெல்லாம் பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான்.

"அவன்…" என்றாள். நாக்கு கூசியது. "அவன் கதவ சாத்திட்டான்க்கா."

மீதியெல்லாம் தானாக வந்தது. பெல் அடித்தது, அவள் நிறுத்தவில்லை. சூப்பர்வைசர் வந்து நின்றபோது, "இவளுக்கு வயித்து வலி, நான் பாத்துக்கறேன், நீ போ" என்று பில்கிஸ் அவரை விரட்டினாள். ரெஸ்ட் ரூமில் அவளைப் படுக்க வைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். மறந்துவிடு, தைரியமாக இரு என்றெல்லாம் அளக்கவில்லை. ஒரே ஒரு தடவை, "உன் மேல தப்பு இல்ல" என்றாள். தமிழில் சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்து, உருதுவிலும் அதையே சொன்னாள்.

"உன் வீட்டுக்காரன்கிட்ட நான் சொல்லட்டா?" என்று பிறகு கேட்டாள்.

"வேணாங்க்கா. நீங்க சொன்னா, யார் யாரை இன்னா பண்ணாங்கன்னே அவருக்குப் புரியாது."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே அமிர்தவள்ளிக்கு மறுபடியும் அழுகை வந்தது. "போலீஸுக்குப் போனா நானும் வர்றேன். லீவு போட்டுடறேன்" என்றாள் பில்கிஸ்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோதண்டராமன் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்று சொன்னாள். பாதியிலேயே அவர் குறுக்கிட்டார்.

"சாரா? சேச்சே. அவரு வயசு இன்னா, படிப்பு இன்னா. நீ எதனா தப்பா வெளங்கிக்கினியா?"

"நான் தப்பா வெளங்கிக்கல. அவன் நல்லா தெரிஞ்சுதான் பண்ணான். என்னைக் கெடுத்துட்டான்."

கல்யாணமான நாளிலிருந்து எந்த ஆம்பிளையையும் அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்தார். ஏன் அப்பவே சொல்லல, ஏன் திரும்பத் திரும்பப் போனே என்று கேட்பார் என அவள் பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். அவர் அதில் எதையும் கேட்கவில்லை.

"நான் கீழதானே இருந்தேன்" என்றார். "டீக்கடையில ஒக்காந்துனு மாடியவே பாத்துனு இருந்தேன். லைட்டு எரியுது, வள்ளிக்கு நல்லா ஆவுதுன்னு நெனச்சிக்கினேன்."

உங்கள் மேல் தப்பில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அதற்குத் தெம்பில்லை. கொஞ்சம் கோபமும் இருந்தது.

அவர் சட்டென்று வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். "அவன இன்னிக்கே…" என்று பல்லைக் கடித்தார். அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க அடிச்சிட்டு ஜெயிலுக்குப் போய்ட்டா எனக்கு யாரு இருக்கா? நாளைக்குப் போலாம். ஸ்டேஷனுக்கு. பில்கிஸக்காவும் வர்றாங்க."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு இன்ஜினை அணைத்தார்.

"அங்க என்னையும் கேப்பாங்களே வள்ளி. கூட்டினு போனது நீதானேன்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

"கீழ இருந்தேன்னு சொல்லுங்க" என்றாள் அமிர்தவள்ளி.